சுண்டுவிரலில் ஓடிய தறி

எங்கள் கடையில் இப்போது வீணைக்கு மேளம் கட்டுகிற பிரவீன், செல்போனை வீணைக் குடத்தின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறான். தந்தியை மீட்டினால் திரையில் முள் ஆடுகிறது. பச்சை விழுந்தால் சரி, சிவப்பு விழுந்தால் தப்பு. பக்கத்துக் கட்டடத்தில் ஓவர்லாக் மெஷின் அலறினாலும், வாசலில் டெம்போ ரிவர்ஸ் எடுத்தாலும் அவனுக்குக் கவலை இல்லை. போன மாதம் சும்மா எட்டிப் பார்க்கப் போன என்னிடம், "எஸ்தரக்கா, இது இல்லாம நீங்கெல்லாம் எப்படிங்க்கா கட்டுனீங்க?" என்று கேட்டான்.

"மாசத்துக்கு ஒரு நாள் கட்டுனோம்" என்றேன்.

அவன் சிரித்தான். நான் சொன்னது உண்மை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அத எழுதிக் குடுங்க்கா. அந்த மங்கலத்து அக்கா கதையையும் சேத்து எழுதுங்க. நம்ம கடை பேஜ்ல போட்டுர்றேன்" என்றான். வேலையிலிருந்து நின்ற பிறகு என்னை யாரும் எதையும் கேட்பதில்லை. மகன் கூட ரிமோட் எங்கே என்று மட்டும்தான் கேட்கிறான். ஆகவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மேளம் என்றதும் கல்யாண வீட்டு நாதஸ்வரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். வீணையின் நீளமான கழுத்துக்குத் தண்டி என்று பெயர். அதன் மேல் இரண்டு பக்கமும் மெழுகால் கரை கட்டி, அந்தக் கரைகளின் மேல் இருபத்துநாலு உலோக மெட்டுகளை அததன் சுரத்துக்குச் சரியாக உட்கார வைப்பதுதான் மேளம் கட்டுதல். மெட்டு மயிரிழை விலகினால் போதும், எவ்வளவு பெரிய வித்வான் வாசித்தாலும் அபசுரம்தான். மெழுகு வெயிலுக்கு இளகும், நாளாக ஆக இறங்கும். அதனால் வருடம் ஒரு முறையாவது சுரண்டி எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும்.

அந்தக் காலம்தான் பொற்காலம் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. போன் வந்தது நல்லதுதான். எனக்கு அந்த வயதில் அது கிடைத்திருந்தால், தரையில் உட்கார்ந்தே தேய்ந்த என் முட்டி இன்னும் கொஞ்சம் மடங்கும்.

எனக்குச் சொந்த ஊர் தெற்கே, தேரிக்காட்டுப் பக்கம். பள்ளிக்கூடத்தில் ஒரு சிஸ்டர் வீணை சொல்லிக்கொடுத்தார். மாதா கோயில் பாட்டும் வாசிப்போம், கீர்த்தனையும் வாசிப்போம். வீணை எங்களிடம் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டதில்லை. பிழைப்புக்காகக் குடும்பத்தோடு திருப்பூர் வந்ததும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. மேசையில் துணியை விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து ஒதுக்க வேண்டும். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் தந்தி வாங்க நாச்சிமுத்து அண்ணன் கடைக்குப் போனேன். அவர் ஒரு வீணையை மடியில் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு மெட்டாகத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வாங்க வந்ததை மறந்து நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது. அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்க அம்மணி, வேலைக்குப் போகலீங்களா?" என்றார்.

"போவணும்" என்றேன். போகவில்லை. மிச்சக் காலம் முழுக்க அந்தக் கடைதான். கடையில் மேளம் கட்டுவேன், சாயங்காலம் வீடு வீடாகப் போய் வீணை சொல்லிக்கொடுப்பேன்.

நாச்சிமுத்து அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. கொங்கு மரியாதை என்று ஊரில் பேச்சுக்குச் சொல்வார்கள். அண்ணன் வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட "சித்த தள்ளிப் படுங்க சாமி" என்பார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவரிடம் வேலை செய்தவர்களுக்கு மட்டும் தெரியும், அந்த மரியாதைக்குப் பின்னால் ஒரு கத்தி இருக்கிறது என்று. நிஜமான கத்திதான், மெழுகு சுரண்டுகிற கத்தி.

நான் தனியாகக் கட்டிய முதல் மேளத்தை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். நான்கு தந்திகளிலும் மேலும் கீழும் வாசித்துப் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க அம்மணி. போயி டீ குடிச்சுப்போட்டு வாங்க" என்றார். பெருமையோடு போய் டீயோடு ஒரு பன்னும் தின்றுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் தண்டி மொட்டையாகக் கிடக்கிறது. மெழுகு முழுவதும் சுரண்டிச் சட்டிக்குள் போய்விட்டது. மெட்டுகளைத் துடைத்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

"என்னண்ணே, எது தப்பு?"

"கடைசிக்கு முந்துனதுங்க. கொஞ்சூண்டு தூக்கல்."

"அது ஒண்ணுதானே? அத மட்டும் சூடு காட்டி நகத்திருக்கலாம்லா?"

"நகத்தலாமுங்க. ஆனா அத வெக்கறப்ப உங்க காது அசந்துருச்சுங்க. அதுக்கு முன்னால எங்கெங்க அசந்துச்சுன்னு எனக்கென்னுங்க தெரியும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "சவத்த விடுங்கண்ணே, நான் நாளைக்கே செக்கிங்குக்குப் போயிருதேன்" என்றேன். அண்ணன் முகம் மாறவில்லை. "போறதுன்னா மெழுக உருக்கி வெச்சுட்டுப் போங்க அம்மணி" என்றார். உருக்கி வைத்தேன். உருக்கியதை வீணாக்க மனம் வராமல் மறுபடியும் கட்டினேன். ஆளை நிறுத்தி வைக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

தேன்மெழுகை உருக்கி, குங்கிலியப் பொடியும் கரித்தூளும் சேர்த்து, கொழுக்கட்டை மாவுப் பதத்துக்குப் பிசைய வேண்டும். பங்குனி, சித்திரையில் குங்கிலியம் கொஞ்சம் தாராளமாக விழ வேண்டும், இல்லாவிட்டால் திருப்பூர் வெயிலில் மேளம் தவழ்ந்துவிடும். தந்திகளைச் சுருதி சேர்த்துக்கொண்டு, முதலில் மேல் ஷட்ஜத்துக்கு உரிய மெட்டை வைப்போம். அதைச் சாட்சியாக வைத்துப் பஞ்சமம், பிறகு மற்றவை. ஒருவர் மீட்ட வேண்டும். மற்றவர் சூடான கம்பியால் மெழுகை இளக்கி மெட்டைத் தள்ள வேண்டும். தள்ளுவது என்றால் கண்ணுக்குத் தெரியக் கூடாது, காதுக்கு மட்டும் தெரிய வேண்டும். ஒரு தந்திக்குச் சரியாக இருக்கும் மெட்டு அடுத்த தந்திக்கு முறைத்துக்கொண்டு நிற்கும். மருமகளையும் நாத்தனாரையும் ஒரே வீட்டில் வைத்துச் சமாளிப்பது மாதிரி, நாலு தந்திக்கும் பொதுவாக ஓர் இடம் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு அமைதி வேண்டும். திருப்பூரில் அமைதிக்கு எங்கே போவது? கடைக்கு வலது பக்கம் பனியன் தைக்கிற பவர் டேபிள் யூனிட், இடது பக்கம் காஜா பட்டன் அடிக்கிற கடை, பின்னால் நிட்டிங். மூன்றுக்கும் மூன்று சுருதி. அதனால் அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். மாதத்துக்கு ஒரு நாள் மின்வாரியத்தில் பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட்டை நிறுத்துவார்கள். ஊர் முழுக்க அன்றைக்குத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரும். எங்கள் கடையில் அன்றைக்குத்தான் திருவிழா. அந்த மாதம் வந்த வீணைகளை எல்லாம் வரிசையாகப் படுக்க வைத்து, விடிந்ததும் மெழுகை உருக்கத் தொடங்கிவிடுவோம். அரசு விடுமுறையைக் காலண்டரில் பார்க்காத அண்ணன், மின்தடை அறிவிப்பை மட்டும் பேப்பரில் தேடித் தேடிப் படிப்பார்.

ஒரு தடவை பவர் டேபிள் யூனிட்காரர் புதிதாக ஜெனரேட்டர் வாங்கிவிட்டார். ஊருக்கு அது முன்னேற்றம், எங்களுக்கு இடி. அண்ணன் சண்டைக்குப் போகவில்லை. ஊத்துக்குளியில் இருக்கும் தன் மச்சான் வீட்டிலிருந்து வெண்ணெய் வரவழைத்து, கரண்ட் இல்லாத நாளுக்கு முந்தின நாள் அந்த யூனிட்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் கொடுத்தார். வெண்ணெய் வந்தால் நாளைக்கு ஜெனரேட்டர் ஓடக் கூடாது என்பது அந்த வீட்டுக் குழந்தைக்குக்கூட மனப்பாடம்.

இவ்வளவு விவரம் எதற்கு என்றால், கரண்ட் இல்லாத நாள் என்றால் நான் கடையைவிட்டு அசைய மாட்டேன் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். அந்த மங்கலத்துப் பூங்கொடி விஷயத்தில் முடிச்சே அங்கேதான் விழுந்தது.

பூங்கொடிக்கு மங்கலத்தில் வீடு. வீட்டோடு ஒட்டி எட்டுத் தறி ஓடுகிற குடோன். கணவர் தங்கவேல் தறிக்காரர், அதிகம் பேசாத மனிதர். பூங்கொடி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த வீணை பரணில் கிடந்தது. மகன் காலேஜுக்குப் போனதும் அதை இறக்கித் துடைத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். "சின்ன வயசுல கொஞ்சம் கத்துக்கிட்டேனுங்க. மறுபடியும் மொதல்ல இருந்து வருமுங்களா டீச்சர்?" என்றார். வந்தது. நன்றாகவே வந்தது. செவ்வாயும் வெள்ளியும் நான் மங்கலம் போய்ச் சொல்லிக்கொடுத்தேன்.

தறிக் குடோனுக்கும் பூங்கொடி வாசிக்கிற அறைக்கும் நடுவில் ஒரே சுவர், அதில் ஒரு சன்னல். சுவருக்கு அந்தப் பக்கம் முதல் தறி. வீணையில் ஒரு சின்ன மைக்கை ஒட்டி, பக்கத்தில் ஒரு ஸ்பீக்கரும் வைத்துக்கொண்டால்தான் எங்களுக்கே கேட்கும். தறி நிற்கிற நேரத்தில் ஏன் வாசிக்கக் கூடாது என்று நான் ஒரு தடவை கேட்டேன். "தறி நின்னா மாமனாரு தூங்குவாருங்க. ஓடறப்ப வாசிச்சா யாருக்கும் தொந்தரவு இல்லீங்களே" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அப்படியே வருடங்கள் ஓடின.

பல்லடம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சர் வேண்டும் என்று தெரிந்ததும் பூங்கொடி விண்ணப்பம் போட்டார். ஏன் திடீரென்று வேலை ஆசை என்று கேட்டேன்.

"இந்தச் சத்தத்துல யாரும் என்னைய பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்லீங்க டீச்சர். கையத் தட்டுவாங்க, திரும்புவேன். இல்லீனா சன்னல்ல எதையாச்சும் எறிவாங்க. அங்க போனா பூங்கொடி மிஸ்ஸுன்னு கூப்புடுவாங்கள்ல? அதுக்குத்தானுங்க."

நேர்முகத் தேர்வுக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் கதவைச் சாத்திய ஓர் அறை. அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. வர்ணம் ஒன்றை முதல் காலத்தில், அதாவது நிதான வேகத்தில், தொடங்கினார். வெளியூரிலிருந்து தேர்வுக்கு வந்திருந்த இசை ஆசிரியர் தாளம் போட்டார். இரண்டு நிமிடத்தில் வர்ணம் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். வேகம் இரட்டிக்கிற இரண்டாம் காலத்தில் கயிறு அறுந்த ஆட்டுக்குட்டி மாதிரி ஓடிவிட்டது. "சுரம் சுத்தமா இருக்கும்மா. லயம்தான் நிக்க மாட்டேங்குது" என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் நம்பவில்லை. பூங்கொடிக்கா லயம் நிற்காது? வாரத்தில் இரண்டு நாள் என் எதிரில் கல் மாதிரி நிற்கிற லயம் அது. அடுத்த மின்தடை நாளில் கடைக்கு வரச்சொன்னேன். மேளம் கட்டுவதை நிறுத்திவிட்டு நானும் அண்ணனும் உட்கார்ந்தோம். ஊரே அடங்கிக் கிடந்தது. பூங்கொடி வாசித்தார். கொஞ்ச நேரத்திலேயே ஓட்டம் பிடித்தது. நிறுத்தி, மறுபடியும் வாசித்தார். இந்தத் தடவை தேர் மாதிரி இழுத்தது.

வீணையில் தாளத்துக்கென்றே பக்கவாட்டில் மூன்று தந்திகள் உண்டு. மற்ற விரல்கள் பாட்டை மீட்டும்போது, வலது கைச் சுண்டுவிரல் அந்தத் தந்திகளைத் தட்டித் தாளம் காட்ட வேண்டும். அண்ணன் பூங்கொடியின் முகத்தையே பார்க்கவில்லை. சுண்டுவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "அம்மணி, இந்த விரலுக்குத் தறிதானுங்க முதலாளி. இன்னைக்கு லீவு விட்டுட்டாங்க, அதுக்கு என்ன பண்றதுன்னு தெரியலீங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எட்டுத் தறியும் எட்டு விதமாக அடித்தாலும், சுவரோரம் இருந்த முதல் தறியின் அடியைப் பூங்கொடியின் சுண்டுவிரல் பிடித்துக்கொண்டுவிட்டது. பாடம் எடுக்கும்போது என் கையும் அதையே பிடித்துத் தாளம் போட்டிருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு இருந்திருக்கிறோம், தாளம் போட்டது தறி. தறி ஓடாத நாளில் நான் கடையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்ததால், அமைதியில் பூங்கொடி வாசித்து நான் கேட்டதே இல்லை. உலகத்தில் வேறு எந்த ஊர் வீணை டீச்சருக்கும் இப்படி ஒரு கூத்து நடந்திருக்காது. பூங்கொடியிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதார்.

"அப்ப நானு வாசிக்கவே இல்லீங்களா டீச்சர்?"

நான் எழுந்து போய் மெழுகுச் சட்டியைக் கிளற ஆரம்பித்தேன்.

அண்ணனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சுரண்டுவது. பக்கத் தந்திகள் மூன்றையும் கழற்றச் சொன்னார். தட்டத் தந்தி இல்லாவிட்டால் விரல் சும்மா இருக்கும், தாளத்தை மனசு போட்டுக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. இரண்டு வாரம் அப்படி வாசித்தார். விரல் சும்மாதான் இருந்தது. கால் கட்டைவிரல் தறியோடு ஆட ஆரம்பித்துவிட்டது. டிக் டிக் என்று தாளம் அடிக்கிற சின்னக் கருவி ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தோம். கருவி ஓடுகிறவரை பிரமாதம். நிறுத்தினால் பழைய கதை. ஒரு தறிக்குப் பதில் இன்னொரு தறி, அவ்வளவுதான்.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்திலிருந்து மறுபடியும் போன் வந்தது. வேலைக்கு எடுத்த டீச்சர் நிலைக்கவில்லையாம். இன்னும் ஒரு மாதத்தில் திரும்பவும் தேர்வு. இந்தத் தடவையும் ஆள் அமையாவிட்டால் பாட்டு வகுப்பையே எடுத்துவிட்டு அந்த நேரத்தைக் கராத்தேவுக்குக் கொடுத்துவிடுவார்களாம். பூங்கொடி வேண்டாம் என்றார். "அந்த ரூமுக்குள்ள போனா எனக்குக் காது அடைக்குதுங்க டீச்சர். சத்தம் இல்லாததே பெரிய சத்தமாட்டம் இருக்குதுங்க."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பாடம் நடக்கவில்லை, நாங்கள் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். தங்கவேல் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அதுவரை என்னிடம் "வாங்க டீச்சர்", "டீ குடிங்க டீச்சர்" தவிர எதுவும் பேசியிராத மனிதர்.

"ஏனுங்க டீச்சர், பாதியில நிறுத்துனா என்னாகுமுங்க?"

"எதை நிறுத்தினா?"

"தறியங்க."

அப்படித்தான் தொடங்கியது. பூங்கொடி தறி ஓட ஓட வர்ணத்தைத் தொடங்குவார். தங்கவேல் முதல் தறியின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு சன்னலையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் எங்கேயாவது ஓர் இடத்தில், பூங்கொடிக்குத் தெரியாமல், கையைத் தூக்குவேன். அவர் தறியை நிறுத்துவார். தறி நின்ற அடுத்த நொடி சுண்டுவிரல் அந்தரத்தில் தவிக்கும். படிக்கட்டு முடிந்தது தெரியாமல் இன்னொரு படி இறங்கப் பார்க்கிற கால் மாதிரி. தடுமாறிய இடத்திலிருந்து மறுபடியும் தொடங்குவோம். மறுபடியும் கை, மறுபடியும் நிறுத்தம்.

தங்கவேலுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நின்ற தறியை என்னிடம் கேட்காமலே திடீரென்று ஓட்டிவிடுவார். பிறகு மோட்டாரின் புல்லிச் சக்கரத்தை மாற்றி அதே தறியை மெதுவாக ஓட வைத்தார். தறி ஒரு வேகம், வர்ணம் ஒரு வேகம். பூங்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பார். "இந்தாளு இருபத்தஞ்சு வருசத்துல எங்கூட இவ்வளவு நேரம் நின்னதே இல்லீங்க டீச்சர்" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

தறியைப் பாதியில் நிறுத்தி ஓட்டினால் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். நூல் கொடுத்துத் துணி வாங்குகிற வியாபாரி காடாத் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க தங்கவேலு, முழுசும் கோடு கோடா இருக்குது?" என்று சத்தம் போட்டிருக்கிறார். நானும் அந்தத் துணியைப் பார்த்தேன். செக்கிங்கில் இருந்தவள் கண்ணுக்கு அது தப்பாது. எங்கெங்கே கையைத் தூக்கினேன் என்று அதிலேயே இருந்தது. என் பழைய சூப்பர்வைசர் பார்த்திருந்தால் ரோலோடு தெருவில் வீசியிருப்பார். தங்கவேல் வியாபாரியிடம் என்ன சமாதானம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம், "நீங்க கையத் தூக்குங்க டீச்சர், அது என் பாடு" என்றார். பேசாத மனிதர்களைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயத்தை அன்றைக்கு மாற்றிக்கொண்டேன்.

கடைசி வாரத்தில் முதல் தறியை மட்டும் நிறுத்துவது போதாது என்று மெயின் சுவிட்சுக்கே போய்விட்டார். எட்டுத் தறியும் ஒரே அடியில் அடங்கும். தறி ஓட்டுகிற பீகார்ப் பையன்கள் திகைத்துப்போய், "லைட் கயா க்யா?" என்று, கரண்ட் போய்விட்டதா என இந்தியில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். அந்தத் திடீர் அமைதியில் வீணை தனியாகக் கேட்கும். முதல் நாள் விரல் செத்துப்போனது. இரண்டாம் நாள் தள்ளாடிப் பிழைத்தது. தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் மெயினை நிறுத்தியபோது வர்ணம் நிற்கவே இல்லை. சுண்டுவிரல் அதுபாட்டுக்குத் தட்டிக்கொண்டு போனது. பூங்கொடி நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ஆனால் கை நிற்கவில்லை. சன்னலில் தங்கவேல் முகம். பின்னால் பீகார்ப் பையன்கள் முகம்.

அந்த வீணைக்கு அண்ணன் புது மேளம் கட்டச் சொன்னார். நான் கட்டினேன். அவர் வாசித்துப் பார்த்தார். "போயி டீ குடிச்சுப்போட்டு வாங்க அம்மணி" என்றார். இந்தத் தடவை பன் கேட்கவில்லை. டீயையும் பாதியில் வைத்துவிட்டேன். திரும்பி வந்தபோது மேளம் அப்படியே இருந்தது, வீணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

தேர்வு அன்றைக்கு நானும் போனேன். தங்கவேல் வாசலில் பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. என்னை அறைக்குள் விடவில்லை, வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். சன்னல் திறந்திருந்தது. உள்ளே பிரின்சிபாலும், முன்பு வந்த அதே இசை ஆசிரியரும்.

அதே அறை, அதே அமைதி. பூங்கொடி சுருதி சேர்த்தார். பைபிளில் எனக்குத் தெரிந்த சங்கீதங்களை எல்லாம் கலந்து கட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வர்ணம் தொடங்கியது. நான் முழங்காலில் விரலால் தாளம் போட ஆரம்பித்தேன். முதல் காலம் போனது. லயம் நின்றது. இசை ஆசிரியரின் கைத்தட்டும் சுண்டுவிரல் தட்டும் ஒன்றாக விழுவது எனக்குக் கேட்டது. இரண்டாம் காலம். போன தடவை ஓடிப்போன அதே இடம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். ஓடவில்லை. பிசகாமல் போனது.

அப்போதுதான் பக்கத்து வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். நாற்பது தொண்டை ஒன்றாகத் திறந்தது. "செவன் ஒன்ஜா செவன்! செவன் டூஜா ஃபோர்ட்டீன்!" வர்ணத்தைவிடக் கொஞ்சம் வேகமான அடி, சுத்தியலால் அடிப்பது போல. எனக்கு உயிரே போய்விட்டது. எழுந்து போய் அந்தப் பிள்ளைகளின் வாயைப் பொத்தலாமா என்றுகூட நினைத்தேன். நாங்கள் நிறுத்திப் பழக்கினோம், மெதுவாக ஓட்டிப் பழக்கினோம், பிள்ளைகளை வைத்துப் பழக்கவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. வாய்ப்பாடு பாதிக்கு மேல் போனது, முடிந்தது, டீச்சர் பிரம்பால் மேசையைத் தட்டியதும் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது.

உள்ளே வர்ணம் தன் நடையிலேயே நடந்து முடிந்தது.

வேலைக்கான ஆர்டர் கைக்கு வந்தது அடுத்த வாரம்தான். எனக்கு அந்த பெஞ்சிலேயே தெரிந்துவிட்டது. பிள்ளைகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். பிரின்சிபால் சங்கடத்தோடு, "சாரிம்மா, இந்தச் சத்தத்துல எப்படித்தான் வாசிச்சீங்களோ" என்றார்.

"எந்தச் சத்தமுங்க சார்?" என்றார் பூங்கொடி.

நான் குனிந்து என் முழங்காலைப் பார்த்தேன். என் விரல் மூன்றாம் வகுப்போடு சேர்ந்து ஏழாம் வாய்ப்பாட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.